தொண்ணூறு நாள் சோறு

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கைக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் உங்களுக்கு என் மேல் இரக்கம் வந்துவிடும். அது எனக்கு வேண்டாம்.

என் பெயர் கோதண்டம். தாழம்பூ நகர் வாரியக் குடியிருப்பில் பதினான்காம் எண் ரேஷன் கடையின் விற்பனையாளன். நாலு அடுக்குக் கட்டடங்கள் பதின்மூன்று, வீடுகள் முந்நூற்றுப் பன்னிரண்டு, கார்டும் அத்தனையே. மூன்று வருஷமாக ஆறு பொய்த்து, கடல் உள்ளே வந்து, வயலெல்லாம் உப்பாகிப் போன காலம். வெளிக்கடையில் அரிசியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். எங்கள் ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். ரேஷன் அரிசி இல்லையென்றால் அந்த மாதம் அடுப்பு இல்லை.

முதல் ரத்தம் ஒரு கிண்ணம் காரக்குழம்புக்காகச் சிந்தியது.

அதற்கு முன் மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்கம் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் 'நக்கி' என்றார்கள். ஐஸ்குச்சி மாதிரி ஒரு குச்சியை நாக்கில் தேய்த்து மிஷினின் பொந்தில் செருக வேண்டும். எச்சிலில் இருக்கிற கிருமிகளை வைத்து யார் எந்தச் சட்டியில் சாப்பிடுகிறார்கள் என்று அது சொல்லிவிடும். ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள் ஒரே குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு கார்டு. குடும்பத்தில் எல்லாருடைய வருமானத்தையும் கூட்டி, வரம்பைத் தாண்டினால் கார்டே கிடையாது. இதுதான் புதுத் தகுதி விதி.

இந்த விதி வந்ததற்கு எங்கள் ஜனங்களும் ஒரு காரணம்தான், மறைப்பானேன். முன்பெல்லாம் தனிக் கார்டு கேட்டால் ஆய்வாளர் வீட்டுக்கு வந்து தனி அடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். அவர் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு மாடி ஏறுவதற்குள் அதே அடுப்பு பின்பக்கப் படிக்கட்டு வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஒரே அடுப்பு பன்னிரண்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறது. நானே ஒரு தடவை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதற்குத்தான் நக்கி வந்தது.

சங்கச் செயலாளர் தேசிங்கு மூன்றாம் கட்டடத்தில் இருந்தான். சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். எதிர்வீடு அவன் தங்கை அமுலுவுக்கு. அவள் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறவள். குழம்பு, ரசம், கூட்டு என்று இரண்டு வீட்டுக்கும் நடுவே எந்நேரமும் கிண்ணம் போய்வந்துகொண்டிருக்கும். முதல் மாதமே நக்கி இரண்டு வீட்டையும் ஒரே குடும்பம் என்றது. இரண்டு கார்டும் போயிற்று. பிரிந்து சாப்பிட்டு, பிரிந்துதான் சாப்பிடுகிறோம் என்று நக்கி நம்புவதற்குத் தொண்ணூறு நாள் ஆகும். அந்தத் தொண்ணூறு நாளில் தேசிங்கின் சின்ன மகள் பசி தாங்காமல் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்று வாந்தி எடுத்தாள்.

கார்டு திரும்பி வந்த மறுநாள், அமுலு பழைய பாசத்தில் ஒரு கிண்ணம் காரக்குழம்பை எடுத்துக்கொண்டு அண்ணன் வாசலில் வந்து நின்றாள். கொதி அடங்காத குழம்பு. தேசிங்கு கிண்ணத்தை வாங்கினான். அப்படியே அவள் கையில் ஊற்றினான்.

"நீ எனக்குத் தங்கச்சி இல்லடி. எதிர்வூடு" என்றான்.

அவள் போட்ட கத்தல் கடை வரைக்கும் கேட்டது. உள்ளங்கையும் மணிக்கட்டும் வெந்து தோல் சுருண்டுவிட்டது. யாரும் தேசிங்கைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் திகைப்பாக இருந்தது. அவன் செய்தது நியாயம் என்றே முந்நூற்றுப் பன்னிரண்டு வீடும் நினைத்தது.

அதற்கப்புறம் அடிதடி சகஜமாகிவிட்டது. சமைக்கும்போது கதவைச் சாத்தினார்கள். மாடிப்படியில் மூடிய பாத்திரத்தோடு யாராவது போனால் திறந்து காட்டச் சொன்னார்கள். காட்டாதவன் உதைபட்டான். அம்மா வீட்டில் ஒளிந்து ஒரு வாய் தின்றுவிட்டு வந்த தம்பியின் தாடையை அண்ணன் உடைத்தான். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், அக்கம்பக்கம்தான் சோறு அனுப்பும். அதுவும் நின்றது. செத்தவனை எடுத்துப்போன வீட்டில் மிச்சமிருந்தவர்கள் பட்டினியாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரே ஒருத்தனுக்கு மட்டும் சோறு வந்துகொண்டிருந்தது. எனக்கு.

நான் தனியாள். முன்பொரு தடவை காய்ச்சலில் கடையிலேயே சுருண்டு கிடந்தபோது முதல் கட்டடத்துப் பாக்கியம் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். தனபாக்கியம் என்பது முழுப்பெயர். அவள் புருஷன் எத்திராஜ் லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். பிள்ளைகள் இல்லை. அவளை நான் யக்கா என்பேன், அவரை மாமா என்பேன். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு அவள் வீட்டுத் தூக்குச்சட்டியில் வரும். அதைப் பார்த்து மற்ற வீட்டுக்காரிகளும் ஆரம்பித்தார்கள். கொஞ்சம் பிரியம், கொஞ்சம் எடையில் என் கை தாராளமாக இருக்கட்டும் என்கிற கணிப்பு. நக்கி வந்தபிறகு எதிர்வீட்டுக்குக் கொடுக்க முடியாததையெல்லாம் எனக்குக் கொடுத்தார்கள். நான் எந்தக் கார்டிலும் இல்லாதவன், எனக்குப் போட்டால் ஆபத்தில்லை என்று அவர்களாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இன்றைக்கு ஆறு வீடு, நாளைக்கு வேறு ஆறு. ஒருத்தர் மீன் குழம்பு, ஒருத்தர் கீரை. கொடுத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? நானும் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வருஷம் தாழம்பூ நகரில் சதை போட்டவன் நான் ஒருத்தன்தான்.

தினமும் காலையில் மிஷினைத் திறக்க முதல் குச்சி என்னுடையது. அது என் நாக்கைப் பார்த்தால்தான் விழிக்கும். கடைக்கு வந்தேன் என்பதற்கு அதுவே சாட்சி. அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

ஆடி மாதம் வந்தது. பாக்கியம் வருஷா வருஷம் அம்மன் கோயில் வாசலில் கூழ் ஊற்றுவாள். ஒரு வருஷமாகவே தன் பங்குக் கேழ்வரகில் படி படியாக ஒதுக்கி வைத்திருந்தாள். தேசிங்கு கடை வாசலில் வைத்து அவளை மறித்தான்.

"யக்கா, இந்த வருஷம் வாணாம். ஒரே அண்டால எல்லாரும் குட்ச்சா இன்னா ஆவும்னு தெரியுமா தெரியாதா?"

"அம்மனுக்கு ஊத்துறேன்டா. அம்மனுக்கு இன்னா கார்டா கீது?"

"விளாடாத. கார்டு போச்சுன்னா உன்ன சும்மா வுட மாட்டேன்."

"வுடாட்டி போ. ஒரு நாளாச்சும் நாலு பேரு ஒண்ணா நின்னு குடிக்கட்டும். உன் பொண்ணுக்கு ரெண்டு சொம்பா ஊத்துறேன், வா" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அண்டாவில் கூழ் கொதித்த வாசமும் கருவாட்டுக் குழம்பு வாசமும் நாலு மாடியும் ஏறியது. பத்து மணி வரை யாரும் வரவில்லை. பிறகு ஒருத்தர் வந்தார். அப்புறம் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடும் வந்தது. தேசிங்கும் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே சொம்பை நீட்டினான்.

அடுத்த ஒன்றாம் தேதி. முதல் கார்டுக்காரர் குச்சியைச் செருகினார். நக்கிக்கு மரியாதையான ஒரு பெண் குரல் உண்டு. "தகுதி இல்லை. உங்கள் குடும்பத்தின் வருமானம் வரம்பை மீறுகிறது. உறுப்பினர்கள்: ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர்" என்றது.

வரிசை சிரித்தது. இரண்டாவது கார்டுக்கும் அதையே சொன்னது. மூன்றாவதற்கும். அப்போது சிரிப்பு நின்றது.

மறுநாள் காலை ஜீப்பில் வழங்கல் அதிகாரி வசுந்தரா மேடம் வந்தார். வயது முப்பதுக்குள். வெளியே ஜனம் ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தது. மூட்டைகளுக்கு நடுவே நின்று மிஷினைத் தன் தொடுதிரைப் பலகையோடு இணைத்துப் பார்த்தார்.

"மொத்தமா எல்லாரையும் ஒரே குடும்பமா சேத்திருக்கு" என்றார்.

"கூழுங்க மேடம். போன மாசம் எல்லாரும் ஒரே அண்டால குடிச்சாங்க."

"ஒரு நாள் கூழ் எல்லாம் இதுல ஏறாதுப்பா. கல்யாணம், கோயில் சாப்பாடு எதுவும் ஏறாது. தொடர்ந்து தொண்ணூறு நாள் ஒரு சட்டியில சாப்பிட்டாதான் கிருமி தங்கும். அப்பதான் குடும்பம்னு எடுத்துக்கும்."

"அப்ப எப்படி மேடம்? இங்க ஒருத்தருக்கொருத்தர் பச்சத் தண்ணி கூடக் குடுக்கிறதில்லையே."

அவர் பலகையை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுறீங்க?"

தூக்குச்சட்டிகள் வருவதைச் சொன்னேன்.

"ஒரு வருஷமாவா? எத்தனை வீட்ல?"

"எல்லா வீட்லயும்தான் மேடம். மாத்தி மாத்தி."

"நீங்க அமுலு வீட்டுச் சட்டியிலயும் சாப்பிடுறீங்க, தேசிங்கு வீட்டுச் சட்டியிலயும் சாப்பிடுறீங்க. அப்ப மிஷினுக்கு நீங்க ரெண்டு வீட்டுக்கும் ஆள். ஒரே ஆள் ரெண்டு வீட்ல இருந்தா அது ரெண்டும் ஒரே வீடு. இப்படியே முந்நூத்திப் பன்னெண்டும் ஒண்ணாயிடுச்சு. மாத்தி மாத்திச் சாப்பிட்டாலும் நிக்காம வந்தா கிருமி கொஞ்சங் கொஞ்சமா சேந்து தங்கிடும், இந்த மாசம்தான் அது நிறைஞ்சிருக்கு. தினமும் காலைல உங்க எச்சிலத்தானே முதல்ல பாக்குது? கடைக்காரர கணக்குல சேக்கக் கூடாதுன்னு விதி எழுதினவங்களுக்குத் தோணல." அவர் ஒரு தாளை அச்செடுத்து என் கையில் கொடுத்தார். எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் போய் முடிந்தன. புள்ளிக்குப் பக்கத்தில் என் ஊழியர் எண் இருந்தது.

"இத சரி பண்ண நாப்பது நாளாவது ஆகும். அதுவரைக்கும் அரிசி குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. நீங்க ஜனங்ககிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க" என்றார். பின்கதவு வழியாக ஜீப் ஏறிப் போய்விட்டார். பக்குவமாம். பின்கதவு வழியாகப் போகிறவர் சொல்கிறார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். ஷட்டரைத் தூக்கினேன்.

முன்னால் தேசிங்கு. அவன் கண் சிவந்திருந்தது. அவனுக்குப் பின்னால் அமுலு, தோல் உரிந்த கையைத் துணியால் சுற்றிக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் கடல் மாதிரி ஜனம். நாற்பது நாள் அரிசி இல்லை என்று சொன்னேன்.

"யாரால?" என்று தேசிங்கு கேட்டான்.

என் கை சட்டைப்பை மேல் இருந்தது. என்னால் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அங்கேயே என்னைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். அதுவும் உண்மைதான்.

"கூழாலயா?" என்றான்.

"இருக்கலாம்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். வேறு எதுவும் நான் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாக்கியம் முதல் கட்டடத்துக் குழாயடியில் அண்டாவைக் கவிழ்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் கடையிலிருந்து நேராகத் தெரியும். தேசிங்கு ஓடிப்போய் அண்டாவை உதைத்தான். அது உருண்டு சுவரில் மோதிய சத்தத்தில் அவள் நிமிர்ந்தாள். என்னடா என்று கேட்டிருப்பாள், வாய் அசைந்தது. பெண்கள் அவள் தலைமுடியைப் பிடித்துத் தரையில் இழுத்தார்கள். யாரோ கூழ் கிண்டுகிற மரத்துடுப்பை எடுத்து அவள் முதுகில் போட்டார்கள். அது கை மாறி மாறிப் போயிற்று. அமுலு அந்த வெந்த கையாலேயே துடுப்பைப் பிடித்து அடித்தாள். கையில் சுற்றிய துணி அவிழ்ந்து தொங்கியதை நான் பார்த்தேன். அண்ணன் மேல் இருந்த கோபத்தையும் சேர்த்துத்தான் அடித்தாள் என்று நினைக்கிறேன்.

பாக்கியம் ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு என் கடைப் பக்கம் பார்த்தாள்.

"தம்பி! நீ சொல்லுடா இவங்களுக்கு! ஒரு நாள் கூழுல இன்னாடா ஆவும்? மிஷினு உன்னாண்டதானே கீது, சொல்லேன்டா!"

ஜனம் திரும்பி என்னைப் பார்த்தது. துடுப்பு ஓங்கியபடி நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர்கள் காத்திருந்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் துடுப்பு இறங்காது.

ஷட்டரைப் பாதி இறக்கினேன். அதற்குக் கீழே எனக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. சத்தம் மட்டும் கேட்டது. அது நிற்க வெகு நேரம் ஆயிற்று.

நாலாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் செத்துப் போனாள். நினைவு திரும்பவே இல்லை. போலீஸ் வந்தது. முந்நூற்றுப் பதினோரு வீட்டிலும் அன்று எல்லாருக்கும் தலைவலி, ஜன்னல் சாத்தியிருந்தது, யாரும் எதையும் பார்க்கவில்லை. என்னையும் கேட்டார்கள். மூட்டை மறைத்தது என்றேன். குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். எத்திராஜ் மாமா வீட்டுக்கு யாரும் சோறு அனுப்பவில்லை. அவர் நாலு நாள் வெறும் தண்ணீர் குடித்துவிட்டு ஷெட்டுக்குப் போனார்.

நாற்பது நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. பொறுக்கித் தின்றார்கள், பிடுங்கித் தின்றார்கள். அது முடிந்து ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு சீட்டு கட்டுக்கட்டாக வந்தது. 'தங்கள் அட்டை மீண்டும் செல்லும்' என்று மேலே பெரிய எழுத்தில். கீழே, பொடி எழுத்தில்: 'பிழையின் காரணம்: கடை எண் 14, இயக்குபவரின் உணவுத் தொடர்பு.'

கடையைச் சாத்திவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்தேன். முந்நூற்றுப் பதினோரு சீட்டின் அடியையும் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டினேன். முந்நூற்றுப் பன்னிரண்டாவது எத்திராஜ் மாமாவுடையது. மனைவி பெயரை நீக்க வேண்டியிருந்ததால் அதை அலுவலகத்திலேயே நேரில் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மூட்டை தூக்குகிற மனிதர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், பொடி எழுத்தையா பார்க்கப் போகிறார் என்று விட்டுவிட்டேன். கூடவே புது விதிகள் என்று ஒரு நீளமான சுற்றறிக்கையும் வந்தது. சுவரில் ஒட்டினேன். ஒட்டுவதுதான் என் வேலை. இருபது வருஷத்தில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை.

பயந்துபோன ஜனம் எனக்குச் சோறு கொடுப்பதையும் நிறுத்தியிருந்தது. பத்து நாள் பன்னும் டீயுமாக ஓட்டினேன். பதினோராம் நாள் மத்தியானம் எத்திராஜ் மாமா வந்தார். கையில் அதே தூக்குச்சட்டி.

"சாப்பிடு" என்றார்.

"மாமா, வேணாம் மாமா."

"அவ இருந்தா குடுத்திருப்பால்ல? அன்னிக்கு நீ ஒருத்தன்தான் அவ மேல கை வெக்கல. எல்லாரும் சொன்னாங்க. சாப்பிடு."

அழுதேன். பொய்யில்லை, குலுங்கிக் குலுங்கி அழுதேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன். ரசமும் சோறும். உப்பு சரியாக இருந்தது. நான் முடிக்கும் வரை அவர் மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஷெட்டில் வேலை இருந்தால் ஓடி வந்து கொடுத்துவிட்டு ஓடுவார். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சட்டியைத் திறந்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றும்.

தை பிறக்க நாலு நாள் இருந்தது. பொங்கல் பரிசுத் தொகுப்பு கொடுக்கிற நாள். ஒரு கரும்பு, பச்சரிசி, வெல்லம், துண்டு முந்திரி. வரிசை ஏழாம் கட்டடம் வரை நீண்டிருந்தது. எல்லா வீடும் அங்கே இருந்தது. வரிசையில் முதல் ஆளாக எத்திராஜ் மாமா நின்றார். காலை நாலரைக்கே வந்து இடம் பிடித்தாராம். குச்சியை நாக்கில் தேய்த்து அவரே பொந்தில் செருகினார்.

"தகுதி இல்லை" என்றது அந்த மரியாதையான குரல். "உங்கள் குடும்பத்தின் வருமானம் வரம்பை மீறுகிறது. உறுப்பினர்கள்: இரண்டு பேர். எத்திராஜ். கோதண்டம், கடை எண் பதினான்கின் இயக்குபவர்."

அவருக்காக எடுத்த கரும்பைக் கட்டிலேயே திரும்ப வைத்தேன்.

மாமா வரிசைப் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. "என் கார்டு போச்சு. நான் யார் வூட்டு அண்டாலயும் கூழு குடிக்கல. இவனுக்கு மட்டும் தொண்ணூறு நாளு சோறு போட்டேன்."

தேசிங்கு முன்னால் வந்தான். "இன்னா எத்திராஜண்ணே சொல்ற? கடைக்காரனுக்குப் போட்டா எப்படிக் கார்டு போவும்?"

"தோ, செவுத்துல ஒட்டிக்கீறான் பாரு. ஒம்போதாவது விதி. கடைக்காரன வெச்சு ரெண்டு வூட்ட இனிமே சேக்க மாட்டாங்களாம். ஆனா ஒரே வூட்ல துன்னான்னா அந்த வூட்டு ஆளுதானாம். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு மூணு நாளாச்சு." அவர் மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "உங்களுக்கெல்லாம் குடுத்த சீட்டு அடியில ஒரு விரக்கடை கொறச்சலா இருந்துச்சு. என்னுது முழுசா இருந்துச்சு. படி."

தேசிங்கு படித்தான். முதலில் மனசுக்குள். பிறகு சத்தமாக. 'இயக்குபவரின் உணவுத் தொடர்பு' என்பதை இரண்டு தடவை படித்தான். அமுலு தன் கையைப் பார்த்தாள். எத்தனையோ பேர் அவரவர் கையைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு உன்ன நான் கேட்டேன்" என்றான் தேசிங்கு. "கூழாலயானு கேட்டேன். நீ இன்னா சொன்ன?"

"இருக்கலாம்னு சொன்னேன்."

"உனக்குத் தெரியுமா அப்ப?"

"தெரியும்."

பக்கக் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். என்னை மூட்டைகள் மேல் தள்ளி மிதித்தார்கள். வெல்லமும் அரிசியும் என் ரத்தமும் தரையில் ஒன்றாகக் கிடந்தன. கட்டுக் கரும்பைப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்து அடித்தார்கள். கரும்பு முறிந்ததா எலும்பு முறிந்ததா என்று எனக்கே தெரியவில்லை. வாசலுக்கு இழுத்துப் போட்டு, என் வலது கையை ஷட்டர் இறங்குகிற கம்பியடியில் வைத்து, தேசிங்கு ஷட்டரை இழுத்துவிட்டான். மறுபடி தூக்கி மறுபடி இழுத்தான். மூன்றாவது தடவை அவன் அதைத் தூக்கியபோது, அது கைக்கு இல்லை, கழுத்துக்கு என்று தெரிந்தது. இரண்டு பேர் என் தலையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் கத்தவில்லை. நியாயம் என்றுதான் பட்டது.

"வுடு தேசிங்கு" என்றார் எத்திராஜ் மாமா.

"இவனால தாண்ணே நாங்க உன் பொண்டாட்டிய..."

"நீங்க அட்ச்சீங்க. அதுக்கு இவன் காரணம் இல்ல, உங்க கைதான் காரணம். வுடு. இவன் எங்க வூட்டு ஆளு."

ஷட்டர் மெதுவாக மேலே போயிற்று.

இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். அவள் கிடந்த அதே வார்டின் ஆண்கள் பக்கம். வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வேலையும் போய்விட்டது. போலீஸ் வந்து யார் அடித்தது என்று கேட்டது. அவர்களுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது கிடக்கட்டும். பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன். ஷட்டரை இறக்கியதையும் சேர்த்து.

மாமா தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியோடு வருகிறார். முதல் நாள் கேட்டேன், "தெரிஞ்சும் ஏன் மாமா போட்டே?"

"அவ சோறு போட்டா, நீ அவளக் காட்டிக் குடுத்த. நான் போட்டா நீ இன்னா பண்றேன்னு பாத்தேன். தொண்ணூறு நாளு குடுத்தேன். ஒரு நாளாச்சும் நீ வாயத் தொறப்பேன்னு நெனச்சேன்." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேண்டாம் மாமா, கொண்டு வராதே என்று தினமும் சொல்கிறேன். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒரு பருக்கை மீதம் வைத்தாலும் எழுந்திருக்க மாட்டார். பசிக்குத் தருகிறாரா, தண்டனைக்குத் தருகிறாரா, எனக்குத் தெரியவில்லை.

இன்று சட்டியைத் திறந்ததும் காரக்குழம்பு வாசம் வந்தது. மாமாவுக்குக் காரக்குழம்பு வைக்கத் தெரியாது.

"கார்டு போன உனக்கு அரிசி ஏது மாமா?" என்று கேட்டேன். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்.

"சோறு தேசிங்கு வூட்டுது. கொயம்பு அமுலு வெச்சுது. நேத்து கீரை நாலாங் கட்டடத்துலேர்ந்து. வாணாம்னா கேக்க மாட்றாங்க. வாசல்ல வெச்சுட்டு ஓடிடுறாங்க. அமுலு மட்டும் நின்னு, நான் துன்ற வரைக்கும் பாத்துட்டுப் போறா."

எனக்குக் கணக்கு ஓடியது. ஒரு ஆள், பல சட்டி. தையில் ஆரம்பித்தால் சித்திரை. "மாமா, இது நிக்கலன்னா சித்திரைல மறுபடி எல்லாரையும் ஒரே குடும்பம்னு சொல்லிடும். இந்தத் தடவை நடுவுல கடைக்காரன் இல்ல, பிழைன்னு சொல்ல முடியாது. எல்லாக் கார்டும் போயிடும். அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். செவுத்துல இருக்கிறத இப்ப எல்லாரும் படிக்கிறாங்க."

"தெரிஞ்சுமா போடுறாங்க?"

மாமா சோற்றைப் பிசைந்தார். எனக்கு இடது கைப்பழக்கம் இன்னும் வரவில்லை, அதனால் அவர்தான் ஊட்டுகிறார். உருண்டையை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"ஆற வெக்காத, துன்னு" என்றார்.